ஐந்நூறைத் தொடுமுன்

நானூற்றுத் தொண்ணூற்று மூன்று வெள்ளி எண்பத்தாறு காசு. மணி ஒன்று பத்து. மூன்று மணிக்கு நான் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், இந்த அம்மாள் கேசினோ மெஷினை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. ஒன்று பத்துதானே, நேரம் இருக்கிறது. எம்ஆர்டி என்றால் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், நடுவில் ஒரு ரயில் மாறி, இறங்கி நடக்க எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம். டாக்சி என்றால் இரண்டரைக்குக்கூடக் கிளம்பலாம். எண்பத்தேழு. அவர் ஒரு தடவை பொத்தானை அமுக்கினால் மெஷினின் தலையில் சிவப்பு எழுத்தில் எரியும் அந்தத் தொகை ஒரு காசு ஏறும். ஐந்நூறைத் தொடுவதற்குள் அந்தத் தொகை முழுவதும் யாராவது ஒருவர் மடியில் விழுந்தே தீர வேண்டும், அப்படித்தான் மெஷினைச் செய்திருக்கிறார்கள், கண்ணாடியிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை. எண்பத்தெட்டு. இவர் மெதுவாக ஆடுகிறார். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கிவிட்டு, உருளைகள் நின்ற பிறகும் ஒரு மூச்சு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. நிமிடத்துக்கு ஐந்து. நானாக இருந்தால் பதினைந்து. நான் பன்னிரண்டரைக்கு இந்தத் தூணருகே வந்து நின்றபோது தொகை தொண்ணூற்று ஒன்றில் இருந்தது, அவருடைய இருப்பில் நாற்பது வெள்ளிதான் மிச்சம் இருந்தது. கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஆள் விஷயத்தில் என் கணக்கு தப்புவதே இல்லை. இன்று தப்பிவிட்டது. கைப்பையைத் திறந்து இன்னொரு ஐம்பது வெள்ளி நோட்டைப் போட்டார்.

நான் சூதாடி அல்ல. இதைத்தான் அந்த அறையில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, நான் சூதாடி அல்ல. அம்மா, நான் சூதாடி அல்ல. மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்களாம், அதில் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் அந்த வாக்கியம் சூதாடி சொல்வது போலவேதான் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டு லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். லிஃப்டுக்கு ஞாபகம் உண்டு. ஏழாவது மாடியில் ஒருவர் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கிப் போய்விடுவார், ஆனாலும் லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்று ஆளில்லாத நடைக்குக் கதவைத் திறக்கும். இங்கே இருக்கிற ஆயிரக்கணக்கான மெஷின்களுக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு அமுக்கும் புதுப் பிறவிதான், அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் நட்டம்தான். ஒரு நாற்பது ஐம்பதுக்கு மட்டும் ஞாபகம் உண்டு. முன்னால் ஆடியவர்கள் கட்டிக்கட்டி ஏற்றிவைத்ததை அப்படியே வைத்திருக்கும். ஏற்றியவர் கைக்காசு தீர்ந்தோ, அலுத்தோ, பஸ்ஸுக்கு நேரமாகியோ எழுந்து போவார். தொகை தொண்ணூறைத் தாண்டியிருந்தால் அடுத்து உட்காருகிறவனுக்கு லாபம். நான் எப்போதும் அடுத்து உட்காருகிறவன். அவ்வளவுதான் என் தொழில். காலையில் வருவேன், ஒரு சுற்று நடப்பேன், தொகைகளைப் பார்ப்பேன், ஒன்றும் பழுக்கவில்லை என்றால் இலவச மைலோவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது, சாமி எங்கே இருக்கிறது, கனவில் வந்த நம்பர் எங்கே இருக்கிறது. நடப்பதும் நிற்பதும்தான் இருக்கிறது. மனைவி வாசுகிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு வருடம் முயன்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அப்படியானால் நாளைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று. முடியும் என்றேன். போகாமல் இருந்ததில்லை.

நானூற்றுத் தொண்ணூற்று நான்கு நாற்பது. ஒன்று இருபதாகிவிட்டது. ஒண்ணுக்கு முட்டுகிறது. மைலோவை இரண்டு கோப்பை குடித்திருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போய்வர நான்கு நிமிடம் ஆகும், அந்த நான்கு நிமிடத்தில் இவர் எழுந்து போய்விட்டால், யாரோ ஒரு சுற்றுலாக்காரன் ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்து விழவைத்துக்கொண்டு, எதற்கு மணி அடிக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. காலை மாற்றி நின்றுகொள்கிறேன். குளிர்சாதனக் காற்று நேராகக் கழுத்தில் விழுகிறது, எங்கிருந்தோ பூ வாசனையையும் கலந்து விடுகிறார்கள், என்ன பூ என்று இரண்டு வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டைக் காலர் மொரமொரவென்று இருக்கிறது. வாசுகி காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. என்னை இந்த இடத்துக்குள் விடக் கூடாது என்று மனுக் கொடுத்ததே அவள்தான், விசாரணைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்ததும் அவள்தான். கையைக்கூட இரண்டு தரம் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். மூணு மணி, லேட்டா வந்துடாதீங்க என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் மதியம் வேலையிடத்திலிருந்து நேராக அங்கே வந்துவிடுவாள். நான் வீட்டிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பொய் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. பையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் எந்த மெஷின், எத்தனையில் உட்கார்ந்தேன், எத்தனையில் விழுந்தது என்று எல்லாம் எழுதிய நோட்டு. அதை மேசையில் வைத்துவிட்டால் பேச்சே வேண்டாம். இன்றைய வரியும் அதில் ஏறிவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன். இல்லை, அதனால் வரவில்லை. காலையில் செருப்பைப் போட்டேன், கால் வந்துவிட்டது. இதை அங்கே சொல்லக் கூடாது.

தொண்ணூற்று ஐந்து இருபது. மெஷினின் சின்னத் திரையில் அவர் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது, உறுப்பினர் அட்டையைச் செருகினால் பெயர் சொல்லி வரவேற்கும். ராஜாமணி. தமிழர்தான். எழுபது இருக்கும், நரைத்த கொண்டை, பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கால்சட்டையும். அட்டையைச் சுருள் கயிற்றில் கோர்த்து இடுப்பில் மாட்டியிருக்கிறார், மறு நுனி மெஷினுக்குள் இருக்கிறது, ஆட்டைக் கொண்டுவந்து கட்டிப்போட்டதுபோல. மாதக் கணக்காக இவரைப் பார்க்கிறேன். பேசியதில்லை. பேசக் கூடாது, அது நான் எனக்கு வைத்திருக்கும் கட்டுப்பாடு. எழுந்திருக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது, தோள்மேல் மூச்சு விடக் கூடாது, நாற்காலியில் இடம் பிடித்து டிஷ்யூப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தால் எவ்வளவு பழுத்த மெஷினாக இருந்தாலும் தொடக் கூடாது. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ வைத்த மேசையில் யாராவது உட்காருவோமா, அதே மரியாதைதான் இங்கேயும். என்னைப் போல் நிற்கிற இன்னும் சிலருக்கு இந்த நாணயமெல்லாம் கிடையாது. பக்கத்தில் வந்து நின்று உஸ் உஸ் என்று பெருமூச்சு விட்டே ஆளைக் கிளப்பிவிடுவார்கள். நான் இரண்டடி தள்ளித் தூணில் சாய்ந்து, போனைப் பார்ப்பதுபோல நிற்பேன். யாருக்கும் தெரியாது. யாரையும் தொந்தரவு செய்ததில்லை. மகன் அகிலன் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான், அப்பா, நீங்க ஜெயிக்கிறது யாரோட காசு என்று. மெஷினோட காசு என்றேன். மெஷினுக்கு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, குழம்பைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். அவனிடம் வாய் கொடுத்து மீள முடியாது. அவனுக்குப் பட்டாளத்தில் பயிற்சி முடிந்து தொப்பி அணிவிக்கிற அன்றைக்கு நான் இங்கே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு மெஷின் வேறு, அது தொண்ணூற்று எட்டில் இருந்தது. திடலில் பெற்றவர்கள் இறங்கிப் போய்ப் பிள்ளை தலையில் தொப்பியை மாட்டிவிட வேண்டும், அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். வாசுகி தனியாகப் போயிருக்கிறாள். அவளுக்கு உயரம் எட்டாமல் அகிலன் முட்டி மடக்கிக் குனிந்தானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் எனக்கு விழுந்தது என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. அந்தத் தேதியைக் காட்டினால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வாசுகிக்கு அந்தத் தேதி தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா. கிழித்தால் நோட்டு பொய்யாகிவிடும். கிழிக்காவிட்டால் நான் என்ன ஆவேன்.

இரண்டு ஐந்து. எம்ஆர்டி போயிற்று. போகட்டும், டாக்சிதான். தொண்ணூற்று ஆறு எழுபது. ராஜாமணி அம்மாளின் இருப்பில் ஒன்பது வெள்ளி. இதோ எட்டு. இவ்வளவு நேரம் காத்துநின்றது வீண் போகவில்லை, ஏழு, ஆறு, ஒரு சின்ன வெற்றி வந்து பதினான்காகிறது, எனக்கு எரிச்சலாக வருகிறது, ஒரு கிழவிக்குப் எட்டு வெள்ளி கிடைத்ததற்கு எரிச்சல்படுகிற ஆளாகிவிட்டேன். அவர் தோற்க வேண்டும் என்று நின்ற இடத்தில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். சாமி இல்லை என்றேனே, இப்போது யாரிடம் வேண்டிக்கொள்கிறேன். மறுபடி இறங்குகிறது, ஐந்து, நான்கு. கைப்பையைத் திறக்கிறார். திறக்காதே. ஒரு பிளாஸ்டிக் உறையை எடுக்கிறார், அடையாள அட்டையும் மருந்துச் சீட்டும் இருக்கிற உறை, அதற்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு நோட்டு. மெஷின் அதை இரண்டு தடவை துப்பியது. தொடையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மடிப்பை எடுத்தார். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டது. நூறு வெள்ளி. பொறுமையாக இரு, இளஞ்செழியா. இன்னும் பத்து நிமிடம் பார். ஏன் இப்படிச் செய்கிறார். மற்ற நாட்களில் இவர் இப்படியில்லை, ஐம்பது வெள்ளியோடு வருவார், தீர்ந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார், எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என்ன வந்தது இவருக்கு.

இரண்டரை. தொண்ணூற்று ஏழு தொண்ணூறு. இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும். கிளம்பு. கால் நகரவில்லை. இரண்டு மணி நேரம் நின்றதை விட்டுவிட்டுப் போவதா. நின்ற நேரத்துக்கும் இனி வரப்போகிறதற்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்குத் தெரியும், அதை அறியாதவன்தான் சூதாடி, போட்டதை எடுக்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவன். நான் போட்டது காசு இல்லை. நேரம்தானே. நேரம் வேறு. வேறா. இரண்டு நாற்பதுக்குக் கிளம்பினால் ஐந்து நிமிடம் தாமதமாகும், ஐந்து நிமிடம் யாரும் பொறுப்பார்கள், சாலை நெரிசல் என்று சொல்லலாம். வாசுகி நம்பமாட்டாள். வெளி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எங்கே போனாலும் முன்னதாகப் போக வேண்டும், கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய் வாசலில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நிற்போம். அப்போது காத்திருப்பது எவ்வளவு இனிப்பாக இருந்தது. இப்போது போன் அதிர்கிறது, அவள்தான், வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பதில் எழுதக் கை போகிறது, என்ன எழுதுவது. வந்துகொண்டிருக்கிறேன். அனுப்பிவிட்டேன். உள்ளே போகவிடாதே என்று அந்த மூன்று பேரும் ஆணை போட்டுவிட்டால் நாளையிலிருந்து நான் காலையில் எழுந்து எங்கே போவேன். பயமாக இருக்கிறது. காசு போகும் என்ற பயம் இல்லை. வீட்டில் பகல் வெளிச்சத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கிற என்னை நினைத்துத்தான் பயம்.

இரண்டு ஐம்பத்தைந்து. தொண்ணூற்று எட்டு தொண்ணூற்று ஆறு. அவர் பொத்தானை அமுக்கினார், மெஷின் சும்மா இருந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். பூஜ்யம். கைப்பையைத் திறக்கவில்லை. பிறகு நாற்காலியை அப்படியே திருப்பினார். தூண் பக்கம் பார்த்தார், என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, இன்னும் எவ்வளவு போட்டா விழும்? எங்கிட்ட இனிமே இல்ல."

எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேன், அம்மா என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு மெஷின் பின்னாடி நின்னா அது விழும். எத்தனை வாட்டி பார்த்திருக்கேன். இங்க வர்ற எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி, இந்தக் கண்ணாடியில நீங்க நிக்கிறது நல்லாத் தெரியுது." திரையைத் தொட்டுக் காட்டினார். "பன்னெண்டரைக்கே எந்திரிச்சிருப்பேன். நீங்க வந்து நின்னீங்க. அதான் எந்திரிக்கல."

சண்டை பிடிப்பதுபோலச் சொல்லவில்லை. பஸ் வர நேரமானதைச் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன், நான் இருந்தேன், இஸ்திரி போட்ட சட்டையோடு, தூணோடு, எல்லாம் தெரிந்தது. உருளைகள் நின்றபின் அவர் ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்திருந்ததெல்லாம் நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்க்கத்தான். எத்தனை பேர் பின்னால் நின்றிருக்கிறேன். அந்தச் சீனக் கிழவர், எழுந்திருக்கப் போய்த் திரும்ப உட்கார்ந்தாரே. கைக்குழந்தைக்காரி போலப் பையை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டே ஆடிய அந்த மலாய்க்காரப் பெண். நான் யாரையும் தொடவில்லை, பேசவில்லை. நின்றேன். நின்றது போதுமாக இருந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், மன்னிக்கச் சொல்ல வேண்டும், அந்த நூறு வெள்ளியையாவது கொடுக்க வேண்டும். அவர் கயிற்றை இழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியின் இருக்கையைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். உட்காருங்க தம்பி, இனிமே உங்களுதுதான் என்றார். மெதுவாகக் கம்பளத்தில் நடந்து போனார்.

உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது. நோட்டைச் செருகினேன், அமுக்கினேன், அமுக்கினேன், நிமிடத்துக்குப் பதினைந்து, மூன்று மணியானது தெரிந்தது, மூன்று இரண்டானது தெரிந்தது, வெட்கமாக இருந்தது, விரல் நிற்கவில்லை. நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது நாற்பத்தொன்றில் விழுந்தது. மணி அடித்தது, திரையில் தங்கக் காசு கொட்டியது. எழுந்து பார்த்தேன், ராஜாமணி அம்மாளை எங்கும் காணவில்லை. போன் அதிர்ந்தது.

டாக்சியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன். மணிச் சத்தம் வாசுகிக்குக் கேட்டிருக்கும். வரவேண்டாம் என்றாள், மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன் என்றாள். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகிவிட்டது. உண்மையாகவே சந்தோஷம், புரிந்துகொண்டுவிட்டாள், கடைசியில் என் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது என்று. வாசுகி, நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன், நீயே பாரு என்று ஏதோ உளறினேன்.

"அந்த மூணு பேரும் கேட்டாங்க, ஏன் வாபஸ் வாங்குறீங்கன்னு. தடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இவரை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலன்னு சொன்னேன். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க அங்கயே இருங்க, இனிமே உங்கள யாரும் தடுக்கமாட்டாங்க."

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன், அணைத்து வைத்திருந்தாள். மெஷினின் தலையில் தொகை முந்நூறுக்கு இறங்கியிருந்தது. முந்நூறு வெள்ளி பூஜ்யம் காசு. இனி இது மற்ற மெஷின் மாதிரிதான், நாள் முழுக்க யார் அமுக்கினாலும் நட்டம், விழுந்த மெஷினில் ஒரு தடவைகூட அமுக்கக் கூடாது என்பது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்தேன், தூணருகே யாரும் இல்லை. அமுக்கினேன். ஒரு காசு ஏறியது. இன்னொரு தடவை அமுக்கினேன்.